ஓநாய்க்கு எறிந்த கல்

சித்தப்பா ஜார்ஸோ சொன்னதை ரோபா பல வருஷமாக நம்பவில்லை. நம்ப முடியவில்லையா, நம்பப் பிடிக்கவில்லையா என்பது அவனுக்கே இன்றுவரை குழப்பம்தான்.

சனெட்டி மேட்டில் ரோபாவுக்கு வேலை, குதிரையேறி ஓநாய்களைக் காவல் காப்பது. இந்த எத்தியோப்பிய மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத சிவப்பு ஓநாய்கள். எல்லாம் சேர்ந்தே ஐந்நூறு தேறுமா என்பது சந்தேகம். ஆட்டுக்காரர்களின் நாய் ஒன்றுக்கு வெறி பிடித்து, அது ஒரு ஓநாயைக் கடித்தால் போதும், கூட்டமே காலி. அதனால் பட்டி பட்டியாகப் போய் நாய்களுக்கு ஊசி போடுவதும் அவன்தான்.

அன்று ரோபாவின் சொந்த நாய், கோரைப்பல் ஒன்று உடைந்தது, இரண்டு நாளாக வீடு திரும்பியிருக்கவில்லை. காலையில், ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி மூச்சிரைக்க மலையிறங்கி வந்தாள்.

"உங்க சித்தப்பா ஈட்டியைத் தூக்கிக்கிட்டு ஓநாய்க் குகைப் பக்கம் குதிரையை விரட்டிட்டுப் போறாரு. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கலை."

போன வாரம்தான் ஜார்ஸோவின் ஆட்டுக்குட்டியை ஓநாய் தூக்கியிருந்தது. இனிப் பொறுக்க மாட்டேன் என்று சந்தையில் நாலு பேர் கேட்க அவர் சொன்னதும் ரோபாவின் காதுக்கு எட்டியிருந்தது. குகையில் இப்போதுதான் கண் திறந்த குட்டிகள்.

குதிரையைக் கிளப்பினான். எலி வளைகளால் சல்லடையாகிக் கிடந்த தரை. ஒரு குளம்பு உள்ளே இறங்கினால் குதிரையும் போச்சு, ஆளும் போச்சு. ஓடையைத் தாண்டும்போது தூக்கி எறியப்பட்டான். சேற்றைத் துடைக்கக்கூட நிற்காமல் மறுபடி ஏறி விரட்டினான்.

மேட்டில் ஏறிப் பார்த்தால், குகை வாசலில் நின்று ஜார்ஸோ கல் எறிந்துகொண்டிருந்தார். தாய் ஓநாய் ஒரு குட்டியைக் கவ்வியபடி பாறைமேல் ஓடியது. மற்றவை நாலாபக்கமும் சிதறின. அவர் விடாமல் கத்திக்கொண்டே துரத்தினார். ஈட்டி முனையில் ரத்தம்.

ரோபா குதித்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான்.

"வெட்கமாயில்லையா சித்தப்பா? பச்சைக் குட்டிங்ககிட்டயா உங்க வீரம்?"

மூச்சு வாங்க வாங்க அவர் சொன்னார். வெறிநாய் ஒன்று குகையைப் பார்த்து ஓடியதாம். துரத்தி வந்து மடக்கிக் குத்தினாராம். சிந்தின ரத்தத்தில் ஓநாய்கள் வாய் வைத்துவிடும் என்றுதான் கல்லால் அடித்து விரட்டினாராம்.

"நாய் எங்கே?"

ஜார்ஸோ அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கழுதைப்புலி இழுத்துட்டுப் போயிடுச்சு" என்றார்.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். கண்ணால் கண்டதை ரோபா ஒன்றுவிடாமல் சொன்னான். ஜார்ஸோ திரும்பவும் கழுதைப்புலியையே சொன்னார்.

"பட்டப்பகல்லயா? பாவம், ராத்திரி வயிறு நிறையலை போல" என்றார் ஒருவர்.

"ஒரு வாலையாவது நமக்கு விட்டுவெச்சிருக்கலாம், மரியாதை தெரியாத கழுதைப்புலி" என்றார் இன்னொருவர். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரமானது.

அந்த வருஷம் முழுக்க மேல்புல்லில் ஜார்ஸோவின் ஆடுகள் ஏறக் கூடாது என்று தீர்ப்பானது. கீழே புல் போதவில்லை. ஆட்டுக்குட்டிகளில் பாதி மழைக்காலத்தைப் பார்க்காமலே செத்தன.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓநாய்கள் வெறிநோயில் வரிசையாகச் செத்தன. இந்தக் கூட்டத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. நல்ல காவல்காரன் என்று ஊரே ரோபாவின் முதுகில் தட்டியது.

இந்த வருஷ மழையில் அந்தப் பழைய குகைக்குப் பின்னால் கல் சரிந்தது. ஓநாய்கள் திரும்ப வந்திருக்கின்றனவா என்று பார்க்கப் போன ரோபா, கற்குவியலுக்கு நடுவே ஒரு நாயின் எலும்பைக் கண்டான். விலா எலும்பில் ஈட்டி பாய்ந்த வெட்டு.

அன்றைக்கு அவசரமாக மூடிய கல் அல்ல. பிறகு திரும்பி வந்து, ஓநாய் தோண்ட முடியாதபடி பார்த்துப் பார்த்து அடுக்கியது. நாய் எச்சில் பட்டாலே இஸ்லாமிய முறைப்படி ஏழு தடவை கழுவுகிற மனுஷர், ரோபா வருவதற்குள் அதைக் குகைக்குப் பின்னால் கையால் இழுத்து வந்திருக்கிறார். அதுவும் வெறி பிடித்த நாயை.

கழுத்தெலும்பில் ஒரு நீலப் பட்டை, நிறம் மங்காமல். ஊசி போட்ட நாய்களுக்கு அடையாளமாக ரோபா கட்டிவிடுகிற பட்டை.

மண்டையோட்டைத் திருப்பினான். கோரைப்பல் ஒன்று பாதியில் உடைந்திருந்தது. பட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

அப்புறம் குதிரையை அவன் விரட்டிய விரட்டு, அன்றைக்கு விரட்டியதைவிட மோசம்.

ஜார்ஸோ வீட்டு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். "உட்காருடா, இன்னும் சூடாத்தான் இருக்கு" என்று கிண்ணத்தை நீட்டினார்.

ரோபா பட்டையை அவர் முன்னால் வைத்தான்.

"சித்தப்பா, பட்டை கட்டின நாய்க்கே வெறின்னா அப்புறம் ஒருத்தரும் ஊசிக்கு நாயைக் கொண்டுவர மாட்டாங்கன்னு மறைச்சீங்களா? இல்ல, அது என் நாய், ஊசி போடாமலே நான் பட்டை கட்டிவிட்ட நாய்ங்கறதாலயா?"