மூன்றாவது வரிசை

அழைப்பிதழின் கடைசி வரி எப்போதும் பூவராகனுக்குத்தான்: ‘நன்றியுரை – நாநயச்செல்வர் பூவராகன்’. பட்டம் அவரே சூட்டிக்கொண்டது. உரை முடியும்வரை ஒரே ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் மைக் முன்னால் அவர் தொண்டையைச் செருமினாலே, கிளம்பலாம் என்று சபை எடுத்துக்கொண்டுவிடும். இன்றும் தலைவர் அதற்குள் காரேறிவிட்டார். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் மட்டும் அசையவில்லை. பந்தல்காரர் அவள் தோளைத் தொட்டு, நாற்காலி ஏற்றக் காத்திருந்த வண்டியைக் காட்டினார்.

“அவரு பேசிட்டிருக்காருல்ல? முடிக்கட்டும்ப்பா.”

பூவராகன் அந்த அம்மாளைப் பார்த்தே மீதியையும் பேசினார். ஒலிபெருக்கிக்கும் மின்வாரியத்துக்கும்கூட நன்றி சொல்லி முடித்து, கீழே இறங்கி வந்தார்.

“எப்படிம்மா இருந்தது நம்ம உரை?”

“சத்தமா சொல்லுங்க. மைக்குல பேசுனதே எனக்குக் கேக்கல.”

பந்தல்காரர் சிரிப்பை அடக்க, திரும்பி நின்றுகொண்டார்.

“பின்னே ஏம்மா உட்கார்ந்திருந்தீங்க?” என்று பூவராகன் கத்தினார்.

“என் மூஞ்சியப் பாத்துப் பேசுனீங்களே. எந்திரிச்சுப் போக மனசு வரல. வீட்ல யாரு அப்படிப் பேசுறாங்க?”

பூவராகன் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.