நத்தை வரும் இடம்

"நத்தையைத் தூக்கிடலாம் சார். இனிமே தாங்காது."

விற்பனை மேலாளரின் குரலில் கோபம் இல்லை. அதுதான் நத்தையை வரைந்த அவளை உறுத்தியது. முடிவு செய்துவிட்ட விஷயத்தைத்தான் மனிதர்கள் இவ்வளவு மென்மையாகச் சொல்வார்கள்.

மேசைமேல் திரும்பி வந்த வீடியோ கேசட்டுகள் குவிந்து கிடந்தன. முதலாளி ஒன்றை எடுத்து, ரீவைண்ட் செய்து ஓட்டினார். கம்பெனியின் லோகோ வர வேண்டிய இடம். கறுப்புத் திரையில் ஒரு நத்தை ஊர்ந்து வரும். முதுகில் கூட்டுக்குப் பதில் குட்டி கேசட். அதன் ஈரத் தடம் வெள்ளியாக மின்னி, வளைந்து நெளிந்து கம்பெனியின் பெயராகும். கடைசியில் நத்தை திரும்பிப் பார்த்து, ஒரு கண்ணை மட்டும் அடித்துவிட்டு, கேசட்டுக்குள் புகுந்துகொள்ளும்.

இப்போது தெரிந்ததெல்லாம் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும்தான். படம் ஆரம்பித்ததும் திரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தீங்களா சார்? எல்லா கேசட்லயும் இதே கூத்துதான். படத்துல ஒரு குறை கெடையாது. நம்ம நத்தை வர்ற இடத்துல மட்டும் அடைமழை."

"நாம பிரதி எடுக்கற மாஸ்டர் கேசட் சுத்தமா இருக்கு மாமா," என்றாள் அவள். "காலையிலகூட போட்டுப் பாத்தேன்."

"மாஸ்டர் சுத்தமா இருந்து என்னம்மா? ஜனங்க மாஸ்டரையா வாங்கிட்டுப் போறாங்க?"

முதலாளி அவளுடைய அக்கா புருஷன். அக்காவின் நச்சரிப்பு தாங்காமல்தான் வேலை போட்டுக் கொடுத்தார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. மழைக்காலம் முழுவதும் அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், தாள் தாளாக வரைந்தாள். "மச்சினி நத்தையை வரையுதா, நத்தை மச்சினியை வரையுதா?" என்று சிரித்தார்கள். அவள் அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள். முதன்முதலாக நத்தை திரையில் கண்ணடித்த அன்று, ஆளில்லாத அறையில் அவளும் பதிலுக்குக் கண்ணடித்தாள். உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் மேலாளர். "பின்னாடி நீல வானம் போடும்மான்னேன். கேட்டாத்தானே. வீட்டு மெஷினுக்கு இந்த இருட்டு ஒத்துக்கல."

"வானத்துல நத்தை எப்படி சார் ஊரும்?"

"இப்ப மட்டும் ஊருதாக்கும். நனைஞ்சுகிட்டு நிக்குது." அவர் இன்னொரு கேசட்டை எடுத்து, அதன் சின்ன ஜன்னலைக் காட்டினார். "இன்னொண்ணும் கவனிச்சேன் சார். திரும்பி வந்த கேசட் பூரா, நத்தை முடியற இடத்துலயே நிக்குது. அதுக்கு மேல ஓட்டிப் பாக்க ஒருத்தருக்கும் மனசு வரல."

பக்கத்து அறையில் வரிசையாக நின்ற மெஷின்கள் கேசட்டுகளைப் பிரதி எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தன் மௌனம் அவளுக்குப் பழகியதுதான். மற்றவர்கள் அவளுக்காக மௌனமாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

"அடுத்த பிரதியிலேர்ந்து வெறும் பேரை மட்டும் போடுங்க," என்றார் முதலாளி. பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, "நீ கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா. அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

"அக்காகிட்ட நானே பேசிக்கறேன் மாமா. நத்தைகிட்டதான் என்ன சொல்றதுன்னு தெரியல."

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே காலடிச் சத்தம். மேலாளர் கதவு வழியே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"போச்சு. தெருவே திரண்டு வந்திருக்கு சார். ஆளுக்கொரு கேசட்டோட."

முன்னால் நின்றவள் ஒரு தையல்காரி. கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. சேலையெல்லாம் நூல் துணுக்குகள்.

"இந்த கேசட் போடறவங்க நீங்கதானா? கடைக்காரன் மாத்தித் தர மாட்டேங்கறான். பாதி ரவிக்கையை மெஷின்லயே விட்டுட்டு ஓடி வரேன்."

"நத்தை வர்ற இடத்துலதானேம்மா?" என்றார் மேலாளர்.

"ஆமாங்க. ஒரு எழவும் தெரியல. வீட்டுல ஒரே ரகளை. இவங்க எல்லார் வீட்டுலயும் அதே கதைதான்."

இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா என்பது போல மேலாளர் முதலாளியைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார் முதலாளி. "எல்லாருக்கும் புதுசு தந்துடறோம்."

நத்தை இல்லாத கேசட் ஒன்றை மேலாளர் முன்கூட்டியே தயார் செய்து மேசை ஓரத்தில் வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுக்கும்படி முதலாளி அவளுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் எடுத்தாள். வரைந்த கையாலேயே அதைத் தையல்காரியிடம் நீட்டினாள்.

"இதுல நத்தை வராதுங்க. சுத்தமா இருக்கும்."

தையல்காரி கேசட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேசைமேல் வைத்து, அவள் பக்கமே தள்ளிவிட்டாள்.

"நத்தை இல்லாததை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? அது கண்ணடிக்கிற இடத்தையே புள்ளைங்களும் அவங்கப்பனும் ரீவைண்ட் பண்ணிப் பண்ணித்தான் டேப்பே தேஞ்சு கெடக்கு. அதுக்கப்புறம் என்ன படம் வருதுன்னு எங்க தெருவுல இன்னும் ஒருத்தரும் பாக்கல."