திரைக்குக் கீழே போன பட்டன்

மருத்துவமனை வரவேற்பறையில் வெயில் கண்ணாடி வழியே நீளமாக விழுந்து கிடக்கிறது. டோக்கன் எடுக்க மருத்துவமனைச் செயலியைத் திறந்த ஓர் அம்மாள், போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் தேய்க்கிறாள். எழுத்துகள் கொட்டை கொட்டையாக நிற்கின்றன, திரை நகரவில்லை. "கீழதானேம்மா பட்டன் இருக்கு, எத்தன தடவ சொல்றது?" என்று கவுண்டர் பெண் எரிந்து விழுகிறாள். வரிசையில் அடுத்து நிற்பவன் கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைக்குள் செருகுகிறான். அந்தச் செயலியின் திரையை வடிவமைத்தவன் அவன்தான். எழுத்து பெருத்தால் சுருங்கிக் கொடுக்கும் இடைவெளியை வைக்காமல், தன் போனுக்கு அழகாக இருக்கிறதென்று அசையாத இடைவெளி விட்டவன். அம்மாள் வைத்திருக்கும் பெரிய எழுத்தில் பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. "எனக்குத்தான் இதெல்லாம் புரியாது, கொஞ்சம் பாருங்க தம்பி" என்று அம்மாள் போனை அவனிடமே நீட்டுகிறாள். அவன் எழுத்தைச் சிறிதாக்குகிறான். பட்டன் மேலே வருகிறது. "நல்லா இருப்பீங்க" என்றவள், போனை வாங்கிக் கண்ணைச் சுருக்குகிறாள். "இதுல என்ன எழுதியிருக்கு தம்பி?"