பாட்டரி கோளாறு

"பாட்டரி கோளாறாண்ணே?"

பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத சிதம்பரத்தில் ஒரு எலக்ட்ரீசியன் கடைக்கு வந்திருந்தாள் ஹாஜிரா. கருகிப்போன சோலார் பெட்டி மேசைமேல் இருந்தது.

கடைக்காரர் சபாநாயகம் திருகாணியைக் கழற்றி வயரை வெளியே இழுத்தார்.

"பாட்டரி மேல பழிய போடாதம்மா. இது முடி மாதிரி மெல்லிசா நூத்துக்கணக்குல கம்பி இருக்கிற வயரு. முனையில லக்குன்னு ஒரு செம்புக் குப்பி போட்டு அழுத்தித்தான் மாட்டணும். ஓட்டைல நுழையலன்னு பாதி கம்பிய வெட்டிட்டு சொருகியிருக்கான். மொத்த கரண்டும் மிச்ச கம்பில போனா தீ புடிக்காம என்ன செய்யும்?"

"யாரு வெட்டுனதுன்னு தெரியுமாண்ணே?"

"வேல தெரிஞ்சவன் இல்ல. நகவெட்டியால நறுக்குன மாதிரி இருக்கு. புயலுக்கப்புறம் ஆளாளுக்கு சோலார் வாங்குறீங்க, மாட்றதுக்கு ஆள கூப்புட மாட்டேங்குறீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவலையே?"

"பக்கத்துல தூங்கிட்டிருந்த எம்மவ போயிட்டாண்ணே. ஆறு வயசு."

சபாநாயகம் வயரைக் கீழே வைத்தார்.

"வெட்டுனவன சும்மா வுடாதம்மா. அவன் மனுசனே இல்ல."

ஹாஜிராவின் கைபேசி அடித்தது. வாசலுக்குப் போய் எடுத்தாள். சவூதியில் தம்மாமிலிருந்து கணவன். அழுதுகொண்டே கேட்டான்.

"என்ன சொன்னாங்க ஹாஜிரா? நகவெட்டியால வெட்டி மாட்டுன்னு நான்தான ஒங்கிட்ட போன்ல சொன்னேன்? அதனாலயா?"

ஹாஜிரா தன் வலது கை விரல்களைப் பார்த்தாள்.

"இல்ல மச்சான். பாட்டரி கோளாறாம். நீங்க சாப்புட்டீங்களா?"