வெளியாளுக்கு ஒரு பூசை

“அந்த ஆளுக்கு இனிமே பூசை கிடையாதுங்கய்யா. கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மேசைக்கு எதிரே, வழக்கமான நாற்காலியில், வழக்கமான சனிக்கிழமை நேரத்துக்கு லைப்ரரிக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலில் சின்னது பெரிசு எல்லோருக்கும் அவர் லைப்ரரிக்காரர்தான்.

அவள் அந்த மாதா கோயில் அலுவலகத்தில் பூசைக் கருத்து எழுதுகிறவள். யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று ஜனங்கள் வந்து சொல்வார்கள். உயிரோடு இருப்பவர்கள் என்றால் நோட்டில் இடது பக்கம், நீல மை. இறந்தவர்கள் என்றால் வலது பக்கம், கறுப்பு மை. அதைப் பார்த்துத்தான் சாமியார் பூசையில் வாசிப்பார்.

லைப்ரரிக்காரர் பத்து வருஷமாக இடது பக்கத்தில் எழுதச் சொல்வது ஒரே பெயர்தான். ‘வெளியாள்.’ ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் நாலாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கத்தோலிக்கக் கோயிலைக் கிழிகிழியென்று கிழிக்கிறவனின் புனைபெயர் அது. ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. “வெளியாளுக்காக” என்று சாமியார் வாசிக்கும்போதெல்லாம் கோயிலே முணுமுணுக்கும்.

“என்னம்மா இது, திடீர்னு?” என்றார் அவர்.

“திடீர்னா? பத்து வருஷமா வயிறு எரியுதுங்கய்யா! உலகத்துல வேற யாருமே தப்பு பண்ணலையா? மத்தவங்க பண்ணினா மூலையில நாலு வரி. நம்ம ஆள் தும்மினாக்கூட அரைப் பக்கம். அதை எடுத்து வச்சுக்கிட்டு டி.வி.க்காரன் வேற சாயங்காலம் முழுக்க விவாதம் நடத்துறான். என் பொண்ணு சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள்ள மறைச்சுக்கிட்டுத்தான் காலேஜுக்குப் போறா.”

“அவன் எழுதுறதுல பொய் இருக்காம்மா?”

“பொய்யோ நெஜமோ, அன்பா ஒரு வரி உண்டா? போன வாரம் என் நோட்டையே இழுத்துட்டான். ‘உயிரோடு இருப்பவர்களுக்கு நீல மை, இறந்தவர்களுக்குக் கறுப்பு மை. இரண்டிலும் இடம் கிடைக்காதவனுக்கு எந்த மை?’ அப்படீன்னு! என் நோட்டு அவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளேயிருந்து எவனோ போட்டுக் கொடுக்கிறான்னு பேரவைச் செயலாளர் குதிக்கிறார். நாளைக்குப் பேப்பர் ஆபீஸுக்கு ஊர்வலம் போறாங்க. ஆள் மட்டும் கையில கிடைச்சான், அவ்வளவுதான்!”

லைப்ரரிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்பவே இளைத்துப் போயிருந்தார். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது.

“மனசு கஷ்டமா இருந்துச்சாம்மா உனக்கு?”

“அழுதுட்டேங்கய்யா. எங்கம்மா பேரையும் இதே நோட்டுல, இதே கையாலதான் எழுதினேன். யார் பேரா இருந்தாலும் மனசுக்குள்ள ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லாம நான் பேனாவை வச்சதில்ல. அது அந்தப் பாவிக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.” அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டான்.”

“நல்லா வாங்குறீங்க வக்காலத்து!”

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. யாரிடம் போய்க் கத்துகிறோம்? கோயில்மேல் கோபப்பட இந்த மனுஷரைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? இருபது வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே பையன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டபோது, பூசையும் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது என்று அப்போதிருந்த சாமியார் கையை விரித்துவிட்டார். சுற்றுச்சுவருக்கு வெளியே, ரோட்டோரமாகப் புதைத்தார்கள். அந்த ஏக்கத்திலேயே வீட்டுக்காரம்மாவும் போய்ச் சேர்ந்தார். அப்படிப்பட்டவர் இன்றுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறியதில்லை, ஒரு வார்த்தை குறையாகப் பேசியதில்லை. போதாக்குறைக்குத் திட்டுகிறவனுக்கும் பூசை ஒப்புக்கொடுக்கிறார். இப்படியும் ஒரு மனசா என்று அவள் ஆச்சரியப்படாத சனிக்கிழமையே கிடையாது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க மனசு யாருக்கும் வராதுங்கய்யா,” என்றாள். “பேரவை என்ன வேணா சொல்லட்டும். செயலாளர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். உங்களுக்காக, கடைசித் தடவையா எழுதிடுறேன்.”

நோட்டைப் பிரித்து நீலப் பேனாவை எடுத்தாள்.

“நீலம் வேண்டாம்மா,” என்றார் லைப்ரரிக்காரர். “வலது பக்கத்துல எழுதிக்கோ. அடுத்த மாசத் தேதி போட்டு.”

பத்து வருஷமாகச் சபித்துக்கொண்டிருந்தவள்தான், ஆனாலும் கை சட்டென்று சிலுவைக் குறிதான் போட்டது.

“ஐயோ, செத்துட்டானா? பேப்பர்ல ஒண்ணும் வரலையே!”

“இன்னும் இல்லம்மா. மூணு வாரம் தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“அது எப்படிங்கய்யா உங்களுக்குத் தெரியும்?”

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“முடிஞ்சதும் வந்து உன்கிட்ட சொல்ல எனக்குத்தான் வீட்டுல யாரும் இல்லையேம்மா, அதான் நானே சொல்லிட்டுப் போறேன். எங்க புதைக்கிறதுன்னு கேட்டா, பையன் பக்கத்துலயே, சுவருக்கு வெளிய போதும்னு சொல்லிடு.”