புளோராவின் நாலு றாத்தல்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மனைவி நேசராணி, மகளுக்குத் திருட்டுத்தனமாகத் தீனி போடுகிறாள் என்பதில் பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. மகள் புளோராவுக்கு வயது ஒன்பது. உடம்போ இரண்டு பிள்ளைக்குச் சமம். அதோடு ஓயாத மூச்சிழுப்பு. நேசராணியின் அடுப்படியை இரண்டு முறை துழாவியும் ஒரு பிஸ்கட் டின்கூட அகப்படவில்லை. அந்த ஆற்றாமையில்தான், துணைக்கு என்று சொல்லிக்கொண்டு பதுளை டொக்டரிடம் இன்று கூடவே வந்திருந்தாள்.

"மறுபடியும் நாலு றாத்தல் எடை கூடியிருக்கு," என்றார் டொக்டர். "போன மாசம் எடுத்த ரத்தத்துலயும் இழுப்பைக் காட்டுற அணுக்கள் கூடித்தான் இருக்கு. இப்படியே போனா வார்ட்டுல சேர்க்க வேண்டியதுதான்."

நேசராணி அழுதேவிட்டாள். "சத்தியமா ரெண்டு ரொட்டிக்கு மேல குடுக்கிறதில்லீங்க."

"டொக்டர்கிட்டயே பொய் சொல்லாத புள்ள!" என்றாள் செபஸ்தியம்மா.

"இந்தப் பெரியம்மா வீட்டுலதான் தினமும் முட்டையும் ஈரலும் சாப்பிடுறேன்," என்று செபஸ்தியம்மாவைக் கைகாட்டினாள் புளோரா.

செபஸ்தியம்மா அசரவில்லை. "அது தீனியாங்க? மாசாமாசம் ஊசி நிறைய நீங்க உறிஞ்சிடுறீங்க. அந்த ரத்தம் திரும்ப ஊற வேணாமா?"

டொக்டர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "நான் இனி எடுக்கலை. நீங்களும் ஊட்டாதீங்க."

அடுத்த மாதம் புளோராவுக்கு ஐந்து றாத்தல் குறைந்தது; இழுப்பும் தணிந்தது. "ரத்தம் எடுக்கிறதை நிப்பாட்டச் சொல்லி டொக்டருக்கே நான்தான் புத்தி சொன்னேன்" என்று செபஸ்தியம்மா இப்போது தோட்டத்து லயன் வீடுகளில் லயம் லயமாகச் சொல்லி வருகிறாள்.