செரியானா மட்டும் எழுதவில்லை

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் எங்கள் கல்லூரியில் தொழில்முனைவோர் போட்டி. ஒன்பது பேர் திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். செரியானா மட்டும் கொடுக்கவில்லை.

“ஏம்மா, உனக்குத் தொழில் பண்ற ஆசையே இல்லையா? ஜோயெலியைப் பாரு, மரவள்ளி சிப்ஸ்ல முதல் பரிசு!” என்று எல்லோர் முன்னும் கேட்டார் துறைத்தலைவர் நைவாலு.

பரிசு கொடுக்க வந்த நடுவர் ஜோயெலியிடம், “கிழங்கு எங்கேருந்து வாங்குவீங்க?” என்றார்.

ஜோயெலி திரும்பி, “செரியானா, எங்கேருந்துன்னு எழுதினே?” என்றான்.

அரங்கமே சிரித்தது.

“மத்த எட்டும் நான் எழுதினதுதான் சார். எனக்குன்னு எழுத நேரமில்லை” என்றாள் செரியானா.

நைவாலு அவளைத் தன் அறைக்கு வரச் சொன்னார். கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனாள்.

“அடுத்த வாரம் அமைச்சர் வர்றாரு” என்று குரலைத் தாழ்த்தினார் அவர். “மாணவர்கள் சொந்தக் கால்ல நிக்கணும்னு நான் பேசணும். எழுதித் தர்றியாம்மா?”